நெட்டு போன ஞாயிற்றுக்கிழமை

பாட்காஸ்ட் என்றால் ரேடியோ மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். சென்னையில் வேலை பார்க்கும் மகள் போனில் சொன்னபோது, "எத்தன மணிக்குப் போடுவாக?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"நீங்க எப்ப அமுக்குறீகளோ அப்பப் பேசுவேன்ப்பா."

தோழி ஒருத்தியோடு சேர்ந்து வாரம் ஒருமுறை எதையாவது பேசிப் பதிவுசெய்து நெட்டில் போடுகிறாளாம். என் போனில் சத்தம் கரகரவென்று வரும். அதனால் அவள் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்தேன். மெயிலில் வந்த லிங்க்கை அமுக்கினால் பக்கம் திறக்கும், முக்கோணத்தை அமுக்கினால் பேச்சு வரும், இரண்டு கோட்டை அமுக்கினால் நிற்கும். அம்புட்டுதான். அதற்கே எனக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. சத்தமே வரவில்லை என்று மகளைத் திட்டித் தீர்த்த பிறகுதான், ஸ்பீக்கர் வயரை மைக் ஓட்டையில் செருகியிருந்தது தெரிந்தது. என் மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முழுதாகக் கேட்கக்கூடப் பொறுமையில்லாமல், பக்கத்து வீட்டுக்காரரையும் அவர் மனைவியையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பிக்குக் கூப்பிட்டேன். "பொண்ணு பேசுது, வந்து கேளுங்கண்ணே."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒத்தக்கடையில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த வாரமே அவர் என்னிடம் கேட்டார், "சொந்த ஊர்ல நெலபொலம் இருக்காண்ணே?" அதை எதற்குக் கேட்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பதிலை வைத்தே நம் சாதியைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். "நாலு ஏக்கரு இருந்துச்சு. வித்துட்டுத்தான் இங்க வந்தோம்" என்றேன். எங்களுக்கு நாலு அடிகூட இருந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். பள்ளிக்கூட லீவில் நானும் நாற்றுக்கட்டு சுமந்திருக்கிறேன்.

காப்பி வந்தது. முக்கோணத்தை அமுக்கினேன். மகளும் தோழியும் ஏதேதோ கேலி பேசினார்கள். நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம். பிறகு மகள், "எங்கப்பாவுக்கு நெலம்னு…" என்று ஆரம்பித்தாள்.

எந்தக் கோட்டை அமுக்குவது என்பதே மறந்துபோனது. பாய்ந்துபோய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன்.

"நெட்டு போயிருச்சுண்ணே."

நெட்டு போனால் கம்ப்யூட்டர் அணையாது. மேலே ஃபேன் வேறு ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வந்ததும் சொல்லுங்கண்ணே, மிச்சத்தையும் கேப்போம்" என்று எழுந்துகொண்டார்.

டம்ளர்களை எடுக்க வந்த மனைவி, "பெத்த பிள்ளை வாயையே அடச்சுப்புட்டீகளே" என்றாள். அன்று சாயங்காலம் மகள் போன் செய்தபோது, "எல்லாரும் கேட்டாக, நல்லா இருந்துச்சுன்னாக" என்று அவளிடமும் பொய் சொன்னேன்.

மறுநாள் காலையில் கேட்டருகே பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

"நெட்டு வந்துருச்சாண்ணே?"

"இன்னும் வரலண்ணே. ஆளு வாரேன்னுருக்கான்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னல் வழியாக என் மகள் குரல் வந்தது. மனைவி ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்திருந்தாள்.

"எங்கப்பாவுக்கு நெலம்னு ஒரு சென்டு கெடையாது. கூலிக்கு நாத்துக்கட்டு தூக்கிப் படிச்சவரு. ஆறாங்கிளாஸ்ல ஒருத்தி அதச் சொல்லிக் கேலி பண்ணிட்டான்னு அழுதுக்கிட்டு வந்தேன். எங்கப்பாதான் சொன்னாரு, ஆமா, நாத்துக்கட்டு தூக்குனவரு மகதான்னு சத்தமாச் சொல்லு, எவ முன்னாடியும் தல குனியாதன்னு."

சொன்னேன்தான். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு நான்தான் சொன்னேன். எனக்கு மறந்தே போயிருந்தது.

"நெட்டு நல்லாத்தானண்ணே இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் தன் வீட்டுக்குள் போனார்.

கேட் கம்பியைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றேன். உள்ளே என் மகள் இன்னமும் என்னைப் பற்றித்தான் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.