வீமனுக்கு ஒரு கழுத்துப்பட்டி

நெடுங்கேணியில் அப்போத்திக்கரியாக இருப்பவன் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பான்; நோயாளிகள் அவனுக்குப் புத்தி கொடுப்பார்கள். இரண்டும் இலவசம் என்பதால் இரண்டையும் யாரும் முழுதாகக் குடித்து முடிப்பதில்லை. பயந்த நாயொன்றை வீட்டில் வைத்திருக்கும் அன்பர்களே, அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

பெயர்ப் பொருத்தம்

பன்றி வேட்டைக்குப் போகும் கந்தையர், முள் கிழித்த கைக்கு மருந்து கட்ட என்னிடம் வந்தார். கூடவே ஒரு நாயைக் கயிற்றில் இழுத்துவந்து வேலியில் கட்டினார். வெடிச்சத்தத்துக்குப் பழக்கவேண்டுமென்று குட்டியிலேயே அதன் காதடியில் துவக்கை வெடித்திருக்கிறார். அதுவும் பழகிக்கொண்டது, ஓடுவதற்கு. வேட்டைக்குப் போனால் பன்றியைக் காணமுதல் நாய் காணாமற்போய்விடுமாம். போகிற வழியில் காட்டுக்குள் வைத்து அதன் கதையை முடிக்கப்போவதாகச் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கயிற்றைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு, நாயின் பெயரைக் கேட்டேன்.

"வீமன். நீங்கள் வேறை பேர் வையுங்கோ ஐயா, அதை நான் அடுத்த குட்டிக்கு வைக்கப்போறன்."

இறைச்சியும் மிளகாய்த்தூளும்

வீட்டில் நானும் மனைவி பூமணியும்தான். பிள்ளைகுட்டி இல்லை, றேடியோ இல்லை. இதைவிட அமைதியான வீடு எந்த நாய்க்குக் கிடைக்கும்? வீமன் நேரே குசினிக்குப் போய் அலுமாரிக்குப் பின்னால் படுத்தான். வீட்டோடு ஒட்டியதுதான் மருந்துச்சாலை. தண்ணீர் மருந்துக்கு ஆளுக்கொரு போத்தலோடு வருவார்கள். இரண்டு போத்தல் முட்டிக்கொண்டால் உள்ளே வீமன் நடுங்குவான்.

குடியேற்றத் திட்டத்திலிருந்து காய்ச்சலுக்கு வந்த கமக்காரர் ஒருவர், எனக்கு நாக்கை நீட்டிக் காட்டுவதை விட்டுவிட்டு வீமனை எட்டிப் பார்த்தார். பச்சை இறைச்சியில் மிளகாய்த்தூள் பிரட்டிக் கொடுத்தால் ரோசம் வரும் என்றார். அதெல்லாம் வேண்டாம், சாதுவாகவே இருக்கட்டும் என்றேன். அவர் என் மருந்தையும் நாயையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கடிக்காத நாயையும் கசக்காத மருந்தையும் வைச்சு என்ன செய்யிறது, ஐயா?"

வைத்தியம் பலிக்கவில்லை

ஊரில் நாய்களுக்கு வெறி பிடித்து, விசர்நாய்க்கடி கூடிவிட்டது. கழுத்தில் பதிவுத் தகடு இல்லாத நாய்களைச் சுட ஆள் வரப்போகிறது என்று கிராமச் சங்கம் அறிவித்தது. தகட்டை வாங்கி ஒரு தோல்பட்டியில் கோத்துக்கொண்டு வந்தேன். அதுவரைக்கும் லேசு. கயிற்றில் இழுபட்ட கழுத்தல்லவா, என் கை அந்தப் பக்கம் போனதும் வீமன் நின்ற இடத்திலேயே ஈரமாக்கிவிட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒடுங்கினான். "ராசா, வாடா" என்று கெஞ்சினேன். அதட்டினேன். தேவாரம்கூடப் பாடினேன். சுடுகிற ஆள் எந்த நாளும் வந்துவிடலாம். பாலில் கொஞ்சம் நித்திரை மருந்து கலந்தால் என்ன என்று பூமணியிடம் கேட்டேன்.

"உங்கடை மருந்துக்கு மனிசரே நித்திரை கொள்ளயில்லை. நீங்கள் கொஞ்சம் கதையாமல் இருங்கோ, அது தானாய் வரும்."

துவக்குக்காரர் வந்தார்

அவள் பட்டியை மடியில் வைத்துக்கொண்டு குசினித் தரையில் இருந்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். நாயின் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படியொரு அமைதி இருந்ததில்லை. தினமும் இப்படியே நாட்கள் போக, வீமன் பட்டியில் மூக்கை வைத்து மணந்து பார்த்தான். பிறகு அவள் முழங்காலில் தலையை வைத்தான். ஒரு பின்னேரம் அவள் சத்தமில்லாமல் பட்டியைப் பூட்டிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே ரோட்டில் வெடி கேட்டது. வீமன் பாய்ந்தான். வெளியே ஓடுவான் என்று நான் பதறினேன். அவன் ஓடியது பூமணியின் சேலைக்குப் பின்னால். துவக்கோடு சங்கத்து ஆள் படலையைத் திறந்தார். நான் கையை விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்து, தகடு இருக்கு, தகடு இருக்கு என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் ஆறுதலாகக் குனிந்து தகட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாயிலை பிழையில்லை ஐயா, நீங்கள்தான் கனநேரமாய்க் குலைக்கிறியள்."

பயந்த நாயை வீட்டுக்குப் பழக்கிவிடலாம், அன்பர்களே. வீட்டுக்காரனின் வாயைப் பழக்குவதுதான் பூமணிக்கு இன்றுவரை முடியவில்லை.