உடுத்தி நிற்பவளைக் கேட்டீர்களா?

ஒருத்தி உடுத்தியிருக்கும் உடுப்பை விற்பதற்காக, அந்த உடுப்பை நாம் எவ்வளவு தூரம் தொடலாம்?

விநோதமான கேள்விதான். மூன்று வாரங்களுக்கு முன்பு வரை எனக்கும் அது தோன்றியதில்லை. தோன்ற வைத்தவர்கள் இருவர். ஒருத்தி சுகந்தி. மற்றவள் ஜெசிந்தா – அவள்மேல் எனக்கிருக்கும் பொறாமையையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். வாராவாரம் உங்களோடு பேசும் இந்தப் பத்தியில் பூசி மெழுக மனமில்லை.

மன்னார் உப்புக்குளத்தில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் தையல் நிலையம் நடக்கிறது. போருக்குப் பின் மக்கள் மீள்குடியேறிய ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வரும் பதினொரு பெண்கள் அங்கே தைக்கிறார்கள். நான் இணைப்பாளர். பட்டதாரி என்பதால் கிடைத்த பதவி. ஊசியில் நூல் கோக்கத் தெரியும், அவ்வளவே.

நத்தார் பண்டிகைக்கு முன் மூன்று சனிக்கிழமைகள், எங்கள் உடுப்புகளை நேரடி ஒளிபரப்பில் காட்டி விற்க, நகரத்துக் கேபிள் தொலைக்காட்சிக்காரர் அரை மணி நேரம் தந்தார். ஒரே நிபந்தனை: முதல் வாரம் யாருடைய பேச்சு எடுபடுகிறதோ, மற்ற இரு வாரங்களும் அவருக்கே.

அது நானாக இருக்க வேண்டுமென்று விரும்பினேன்... மிகவும் விரும்பினேன். பெண்களின் உழைப்பு, சுயாதீனம் என்று நான்கு பக்கம் எழுதி மனப்பாடம் செய்தேன்.

எனக்குப் போட்டி யார்? கீரிக் கிராமத்திலிருந்து வரும் எங்கள் தையல் ஆசிரியை ஜெசிந்தா. பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அவள் ஒரு பகிடி விட்டால் சிரிப்பில் பதினொரு மெஷினும் நின்றுவிடும். நான் பேசத் தொடங்கினால் மெஷின்கள் இன்னும் வேகமாக ஓடும். ஆகவே, அடுத்தடுத்த உடுப்பை எடுத்துக் கொடுக்கும் வேலையை அவளுக்கு ஒதுக்கினேன்.

மொடல்களை அழைக்க எங்களுக்கு ஏது வசதி? தைத்தவர்களே உடுத்தி நின்றார்கள். முதலில் சுகந்தி. அவளுடையது தீவுக்கு அப்பால், பெருநிலப்பரப்பில் நெல் விதைக்கும் ஊர். அகதி முகாமிலிருந்து திரும்பி இரண்டு வருடம்தான். தானே தைத்த நீலச் சல்வாரில் நின்றாள்.

கொழும்புத் தொலைக்காட்சிகளில் பார்த்திருக்கிறேன் – விற்பவர்கள் மொடலின் உடுப்பை விரலால் பிடித்து, இழுத்து, தடவிப் புகழ்வார்கள். நானும் அப்படியே, “இந்த இரட்டைத் தையலைப் பாருங்கள்” என்று சுகந்தியின் இடுப்போரத் தையலைப் பிடித்து இழுத்தேன்.

அவளுடைய இரு கைகளும் எழுந்தன. தோளுயரத்தில் விரிந்து அப்படியே நின்றன. கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது.

மன்னாரில் யாருக்கு இதை விளக்க வேண்டும்? இராணுவச் சோதனைச் சாவடிகளில், இடுப்பைத் தடவிப் பார்க்கும் கைகளுக்கு வசதியாக எத்தனை வருடம் அப்படி நின்றோம்! நானும் நின்றவள்தான்.

மனப்பாடம் செய்த நான்கு பக்கமும் மறந்துபோயிற்று. கமெரா ஓடிக்கொண்டிருந்தது.

கையிலிருந்த உடுப்புகளை மேசையில் போட்டுவிட்டு ஜெசிந்தா வந்தாள். ஒரு முழம் தள்ளியே நின்றாள்.

“சுகந்தி, கையை இறக்கும். ஒருத்தரும் தொடமாட்டினம். நீர் தைச்சதுதானே, நீரே காட்டும் பாப்பம்.”

கைகள் இறங்கின. சுகந்தி தானே ஓரத்தைத் திருப்பித் தையலைக் காட்டினாள்.

“இந்தத் தையலை ரெண்டு தரம் பிரிப்பிச்சனான். என்னைத் திட்டித் திட்டித்தான் தைச்சவ” என்றாள் ஜெசிந்தா. சுகந்தி சிரித்துவிட்டாள்.

தொலைபேசி அடித்தது. முதலில் அழைத்தவர் இரண்டு சல்வார் கேட்டார். அடுத்தவர் என்னிடம், “அந்தக் கதைக்கிற பிள்ளையிட்டக் குடுங்கோ” என்றார். கதைக்கிற பிள்ளை நானில்லை.

சுகந்தி மீண்டதில் எனக்கு ஆறுதல். மீட்டது நானில்லையே என்பதில் எரிச்சல். இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

முடிந்ததும் சுகந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே மிஸ். கை தன்பாட்டில எழும்பிட்டுது. சொல்லிப்போட்டுத் தொட்டிருந்தால் எழும்பியிராது” என்றாள்.

பிறகு ஜெசிந்தாவிடம் போனேன். உனக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பெரிதாக ஏதாவது சொல்வாள், மனதுக்குள்ளாவது மறுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவளோ நூல் சுற்றிக்கொண்டே, “என்ன மிஸ், அளவெடுக்கேக்க கேக்காமல் நாடாவை வைக்கிறமோ?” என்றாள்.

அவ்வளவுதான். “இடுப்பு எடுக்கட்டோ?” என்று கேட்டு, தலையசைப்பு வந்த பிறகே நாடாவை வைப்பாள். அதே அறையில் தினமும் இருந்திருக்கிறேன். கவனித்ததேயில்லை.

யாருடைய பேச்சு எடுபட்டது, அடுத்த வாரங்களுக்கு யார் என்று கேபிள்காரர் இணைப்பாளரான என்னிடம்தான் கேட்டார். நான் என்று சொல்லியிருந்தால் ஜெசிந்தா மறுத்திருக்க மாட்டாள். ஆனால் என் பக்கத்தில் நிற்கப்போகும் மற்றப் பெண்கள்? என் கை எப்போது நீளும் என்று பார்த்தபடியே நின்றிருப்பார்கள். ஜெசிந்தாவின் பெயரைச் சொன்னேன்.

மற்ற இரண்டு சனிக்கிழமைகளும் அவளே பேசினாள். உடுத்தியவர்களே தங்கள் உடுப்பைக் காட்டினார்கள். நான் தொலைபேசி எடுத்தேன். இப்போது நிலையத்தில், உடுத்தி நிற்பவளைக் கேட்காமல் எவரும் துணியைத் தொடுவதில்லை, நானும்தான்.

“ஜெசிந்தா மிஸ் நிக்கிறாவோ?” என்று இன்னும் அழைப்புகள் வருகின்றன. நிக்கிறா என்று சொல்லி, தொலைபேசியை அவளிடம் கொடுக்கிறேன் – கொஞ்சம் தாமதித்து.