இழுவை பார்த்த விரல்

சபரியின் காது தேங்காயெண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த ருசி கொண்டது. கடித்துப் பார்த்தவள் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவில், சிங்காநல்லூரில் எங்கள் பட்டறைக்குப் பின்னால் பழைய மோட்டார் கூடுகளைக் குவித்து வைத்திருந்த இடத்தில், அவனுடைய இடது காதின் மேல்விளிம்பில் என் பற்கள் இறங்க, அவன் அலறிய அலறலில் லேத்தில் நின்றிருந்த என் அப்பா மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து, பூனையைப் பிரிப்பதுபோல என் பின்கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். சண்டைக்குக் காரணம் சைக்கிளும் இல்லை, தின்பண்டமும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தீப்பெட்டி அளவுச் சில்லில் நீலக் கம்பெனியுடையது உசத்தியா, சிவப்புக் கம்பெனியுடையது உசத்தியா என்பதுதான். இதில் வேடிக்கை, அன்றைக்கு எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது.

சபரி என் பெரியப்பா மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். பெரியவர்கள் காதில் விழும் தூரத்தில் அவனை 'அண்ணா' என்பேன், அந்தத் தூரம் தாண்டினால் 'டேய்'. ஒரே காம்பவுண்டுக்குள் பின்னால் இரண்டு வீடு, முன்னால் பட்டறை. எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுவதும், பம்புகளுக்குத் தண்டு கடைவதும் அங்கே தொழில். பள்ளி விட்டு வந்ததும் சபரி பட்டறையில் இரும்புத்தூள் கூட்ட வேண்டும். நான் காந்திபுரத்துக் கடைகளில் இனாமாகக் கொடுக்கும் 'ரேட்டு சீட்டு'களை வாங்கிவந்து, எந்தச் சில்லு எவ்வளவு விலை, அந்த விலைக்கு என்ன வேகம் என்று கோடு போட்டுக் கட்டம் கட்டிக்கொண்டிருப்பேன். என் கட்டங்களில் எப்போதும் சிவப்புதான் ஜெயித்தது. நீலத்தைவிட மலிவு, அதோடு சில்லுக்குள் உழைக்கும் மூளைகளான கோர், நீலத்தில் நாலு என்றால் இதில் எட்டு.

"எட்டு ஆட்டக் கட்டி ஏரு ஓட்டுவியா புள்ள? எங்களுது நாலும் காங்கேயம் காளையாக்கும்!" என்பான் சபரி.

"உன்ற காளைக்குக் கேக்கற வெலையில எங்காளு கம்ப்யூட்டரும் வாங்குவான், அதை வெக்க மேசையும் வாங்குவான்" என்பேன் நான். அதற்கு மேல் வார்த்தை ஓடாது. கை ஓடும். நான் காம்பஸ் முனையை அவன் தொடையில் இறக்கியிருக்கிறேன். அவன் என் தலையைத் தண்ணீர் டிரம்முக்குள் அமுக்கிப் பத்து வரைக்கும் எண்ணியிருக்கிறான், அதுவும் நிதானமாக. என் ஒரு வருஷத்து ரேட்டு சீட்டுகளை லேத்துக்குக் கீழே ஆயில் தேங்கும் தட்டில் முக்கிவிட்டு, "இப்ப வழுக்கிட்டுப் போவுமே, வேகம் பத்துமா?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் காது.

அந்தக் காதைப் பார்த்துத்தான் பெரியப்பா சண்டையைக் கையில் எடுத்தார். அப்போது எங்களுக்கு வேலை தரும் பம்ப் கம்பெனியிலிருந்து, இனிமேல் பாகங்களின் வரைபடமெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு அனுப்பினால்தான் ஆர்டர் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒரு கம்ப்யூட்டர் வாங்கியே தீர வேண்டும், அதில் உட்கார்ந்து படம் போட வீட்டில் ஒரு ஆளும் வேண்டும். பெரியப்பா எங்கள் இரண்டு பேரையும் பட்டறை நடுவில் நிறுத்தினார்.

"எவுங்க சொல்ற மிஷினு செயிக்குதோ, அவுங்களே அதுல உக்காந்து படம் போடட்டும். சபரி, நீ தோத்தயின்னா பத்தாவதோட சரி. லேத்துக்கு வந்துரோணும்."

"நான் தோத்தா என்னங்க பெரியப்பா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "உனக்கென்ன கண்ணு, நீ எப்படியும் ஒருத்தன் ஊட்டுக்குப் போறவதான?"

அந்தச் சிரிப்பு எனக்குத் தொண்டையில் மாட்டிய மீன்முள். சபரி தோற்றால் அவன் வாழ்க்கை போகும், நான் தோற்றால் ஒன்றும் போகாது, ஏனென்றால் நான் கணக்கிலேயே இல்லை. அப்படியானால் எனக்கு ஜெயிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று அந்தப் பதினாலு வயது மூளை முடிவுகட்டியது. எதிரே நின்றவனின் முகம் சாம்பலாகிப் போனதை அது பார்க்கவில்லை. இல்லை, பார்த்தது. சந்தோஷப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் தம் வண்டியிலேயே இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய தோட்டத்து மோட்டார்களுக்கெல்லாம் காயில் கட்டுவது நாங்கள்தான். அந்தப் பழக்கத்தில் ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்க்கச் சம்மதித்திருந்தார். வேலைமேசையை வேஸ்ட் துணியால் துடைத்து, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. பரீட்சை எளியது. பம்புக்குள் சுழலும் சக்கரத்தின் படத்தை இரண்டிலும் திறந்து, அதன் இதழ்களின் கோணத்தை மாற்றி, முழுப் படத்தையும் மறுபடி கட்டச் சொல்ல வேண்டும். எது முதலில் முடிக்கிறதோ அது. நேரம் பார்க்கச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி வர சபரி வீட்டுக்கு ஓடினான். கடைக்காரரும் அப்பாவும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நானும் பெரியப்பாவும் மட்டும்.

"என்னத்தப் படம் போட்டு என்னத்தப் பாக்கறது. நம்ம வழியில பாத்துப்போடலாம் கண்ணு, இழுவை இருக்குதான்னு" என்றார் பெரியப்பா.

எங்கள் தொழிலில் ஒரு மோட்டாரைக் கட்டி முடித்ததும், ஓடவிட்டு, தண்டைத் துணி சுற்றிய கையால் இறுக்கிப் பிடிப்பார்கள். கையை மீறிச் சுற்றினால் இழுவை இருக்கிறது. நின்றுபோனால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். பெரியப்பா இரண்டு பெட்டியின் பக்கத் தகட்டையும் கழற்றினார். உள்ளே ஓடுகிற பொருளென்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது சில்லின் தலைமேல் சுற்றும் சின்ன விசிறி மட்டுமே. நான் டார்ச் பிடித்தேன். அவர் முதலில் சிவப்பின் விசிறிமேல் கட்டைவிரலை வைத்தார். இதழ் வெட்டி, நகக்கண்ணில் ரத்தம் முத்து கட்டி நின்றது. விரலைச் சப்பிக்கொண்டு, "அட, இதுல இழுவை இருக்குது" என்று மெச்சினார். அடுத்து நீலம். அதன் விசிறி மெலிசு. விரலை வைத்து அமுக்கியதும் முனகிக்கொண்டு நின்றது.

"சோப்ளாங்கி" என்று சொல்லிவிட்டு, கையை எடுத்து, திரும்பிப் பார்க்காமல் வேஸ்ட் துணியைத் தேடிப் போய்விட்டார்.

விசிறி மறுபடி சுற்றவில்லை. அவர் அமுக்கிய அமுக்கில் அதன் நடுக்குமிழ் உள்ளே இறங்கிச் சிக்கியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அது ஒரு தடவை துடித்தது, இன்னொரு தடவை துடித்தது, பிறகு அடங்கியது. விசிறி நின்றால் சில்லு சூடேறும், சூடேறினால் எரியாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது பட்டறைக்குள் இது தெரிந்த ஒரே ஆள் நான். 'பெரியப்பா, ஃபேன் நின்னுருச்சுங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் தகட்டை எடுத்து, அந்தப் பெட்டியை மூடினேன்.

சிவப்பு முடித்தபோது நீலம் பாதியைக்கூடத் தாண்டவில்லை. சபரி சுவர்க்கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரையை ஒரு தரம், கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தான். "இல்லீங்க, இது இவ்வளவு மெல்ல ஓடாதுங்க. என்னமோ ஆயிருச்சுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னான். அவர் உதட்டைப் பிதுக்கினார். நான் அவன் காதருகே போய், ஆமாம், காயம் ஆறாத அதே காதருகே போய், "காளைக்குக் காலு ஒடிஞ்சுபோச்சா அண்ணா?" என்று கேட்டேன்.

அவன் கடிகாரத்தைக் கீழே போட்டான். கண்ணாடி சிதறியது. அடுத்த மூச்சில் சுத்தியல் அவன் கையில் இருந்தது. என்னைத்தான் அடிக்கப் போகிறான் என்று கைகளால் தலையை மூடினேன், ஆனால் அடி விழுந்தது நீலப் பெட்டியின்மேல். முதல் அடியில் தகடு குழிந்தது, இரண்டாவதில் திருகு தெறித்தது, மூன்றாவதில் தகடு பறந்துபோய் லேத்தில் மோதி விழுந்தது. நாலாவதற்கு ஓங்கியவன் ஓங்கியபடியே நின்றான். உள்ளே நின்றுபோயிருந்த விசிறி அவன் கண்ணில் பட்டுவிட்டது.

அதற்குள் பெரியப்பா ஆணியில் தொங்கிய மோட்டார் பெல்ட்டை உருவியிருந்தார். மாட்டுக்கொம்பு கனத்தில் கறுப்பு ரப்பர். அது முதுகில் விழும் சத்தம் ஈரச் சாக்கைக் கல்லில் அறைவதுபோல இருக்கும். எங்கள் ஊர் மரியாதைக்குப் பேர்போனது என்பார்கள். உண்மைதான். அத்தனை அடியிலும் சபரி ஒரு சொல்லைக்கூட 'ங்க' இல்லாமல் கத்தவில்லை.

"ஃபேன் சுத்தலீங்கப்பா! அடிக்காதீங்கப்பா! பாருங்க, ஃபேன் சுத்தலீங்க!"

"ஏனுங்க, புள்ளைய உடுங்க, செத்துருவான்!" என்று கடைக்காரர் குறுக்கே பாய்ந்தார். பெரியப்பா பெல்ட்டை ஓங்கியபடி நின்றார், மூச்சு வாங்க என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, நீதான டார்ச்சு புடிச்ச. சுத்துச்சா?"

கீழே விழுந்து கிடந்த சபரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவன் முன்பல்லில் ரத்தம். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்ற நிச்சயம்தான் இருந்தது.

"சுத்துச்சுங்க பெரியப்பா. இப்பச் சுத்தியல்ல அடிச்சதுல நின்னிருக்குமுங்க."

அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பெல்ட் மறுபடி இறங்கியது.

சிவப்பு வீட்டுக்கு வந்தது. நான் உட்கார்ந்து படம் போட்டேன். சபரி பத்தாவது முடித்து லேத்தில் நின்றான், நான் போட்ட படத்தைப் பார்த்து அவன் கடைந்தான். அவனுடைய பத்தொன்பதாம் வயதில், சுழலும் தண்டுக்கு எமரித் தாளால் மெருகு போட்டுக்கொண்டிருந்தபோது, தாள் சுருண்டு இழுத்ததில் வலது ஆள்காட்டி விரலின் இரண்டு கணு போனது. 'நன்கு மெருகிட வேண்டும்' என்று அந்தத் தண்டின் படத்தில் ஓரத்தில் எழுதியிருந்தது நான்தான். எழுதாவிட்டாலும் அவன் மெருகு போட்டிருப்பான் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பின்னாளில் கல்லூரியில் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த மாதிரிப் படவேலைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கோர்தான் உழைக்கும், மற்றதெல்லாம் நின்று வேடிக்கை பார்க்கும். ஒற்றைக் காளையின் பலத்தில் அன்றைக்கு நீலம்தான் உசத்தி. விசிறி சுற்றியிருந்தால் சபரி ஜெயித்திருப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் என்னைத் தொட்டதே இல்லை. அடி இல்லை, தண்ணீர் டிரம் இல்லை, கிண்டல்கூட இல்லை. 'புள்ள' போய், 'சாப்புட்டீங்களா', 'வாங்க', 'படம் முடிஞ்சுதுங்களா' என்று ஆனது. வீட்டில் எல்லோரும், "ரெண்டுக்கும் புத்தி வந்துருச்சு" என்று சந்தோஷப்பட்டார்கள். அவன் என்னை அடித்த அடியெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு 'ங்க' அளவுக்கு வலித்ததில்லை.

இப்போது எனக்கு இருபத்தாறு. பட்டறை இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். மோட்டார்கள் பம்போடு நேரடியாகவே இணைக்கப்பட்டு வருவதால் ஆணியில் தொங்கிய பெல்ட்டுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பெரியப்பா இல்லை. கடைகளில் ரேட்டு சீட்டு கேட்டால் போனைப் பார்க்கச் சொல்கிறார்கள். விசிறியே இல்லாத கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன, விரல் வைத்துப் பார்க்க அவற்றில் ஓடுவது ஒன்றும் இல்லை. நீலமும் சிவப்பும்கூட இடம் மாறிவிட்டன, நான் இன்னும் கட்டம் கட்டிப் பார்க்கிறேன், விலைக்கேற்ற வேகம் இப்போது பல இடங்களில் நீலத்தில்தான்.

போன மாதம் சபரி போன் செய்தான். சொந்தப் பட்டறைக்குப் புது மெஷின் வாங்கியிருக்கிறான், அதற்குப் படம் போட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். "நீங்க கூட வந்தீங்கன்னா நல்லாருக்குமுங்க" என்றான். காந்திபுரத்தில் ஒரு கடையில், பக்கத் தகடில்லாமல் ஓடிக்கொண்டிருந்த நீலப் பெட்டியின் முன்னால் நின்றோம். நான் விலையைச் சொன்னேன், வேகத்தைச் சொன்னேன், எதற்கு எது போதும் என்று வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டே, விரல் துண்டுபட்ட அந்த வலது கையை உள்ளே நீட்டி, ஆள்காட்டி விரலில் மிச்சமிருந்த மொட்டை முனையை விசிறியின் நடுவில் வைத்து அழுத்தினான். விசிறி நின்றது.

"சுத்துதா புள்ள?"

கடைக்காரர் ஏதோ சொல்ல வந்தார், சபரி அவரைப் பார்க்கவில்லை.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"சுத்தல" என்றேன். "அன்னைக்கும் சுத்தல."

அவன் கையை எடுத்தான். விசிறி மறுபடி சுழன்றது. அதே கையை மடக்கி, கடைக்காரர் பதறிப்போகும்படி, என் உச்சந்தலையில் ஓங்கி ஒரு கொட்டு வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையைத் தடவிக்கொள்ளாமல் அப்படியே நின்றேன்.