அத்தா கேட்ட மாப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். மௌத்தாகிப்போன தகப்பனைப் பற்றி எழுத உட்கார்ந்து, அவர் கை ஓங்கியதிலிருந்து ஆரம்பிக்க எந்த மகளுக்கு மனசு வரும்? ஆனால் இன்று நானும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக் களைத்தவள். அந்த ரமலான் மாதம் அடிக்கடி ஞாபகம் வருகிறது. அல்லாஹ் என் எண்ணத்தை ஏற்றுக்கொள்ளட்டும்.

அத்தாவுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளைக் கூடையில் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஓரத்தில் பிதுங்கிய மண்ணை அம்மா சீவி வழவழப்பாக்கித் தருவார். மறுநாள் அவை சூளைக்குப் போகும். நோன்பு வைத்துக்கொண்டு நாள் முழுக்க சூளைச் சூட்டில் நின்று வருகிறவர், வாசலில் செருப்பைக் கழற்றக்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

அன்று கூடை நிறைய யானைகள். இறக்கி வைத்துவிட்டு அத்தா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அம்மா அசர் தொழுதுகொண்டிருந்தார். பெருநாள் வரப்போகிறதென்று வீட்டுச் சாமானெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அலமாரியில் இருந்த பீங்கான் வாத்துகூடக் கழுவினதும் பளபளத்தது. யானைகள் மட்டும் ஏன் தூசியாகக் கிடக்க வேண்டும்? பக்கெட் தண்ணீரில் ஒவ்வொன்றாக முக்கித் தேய்த்தேன். சூளையில் வேகாத மண் தண்ணீரில் கரைந்துபோகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? தும்பிக்கை முதலில் போனது, அப்புறம் காது. அழுக்குப் போகிறதென்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

அத்தா வந்து பார்த்தபோது பக்கெட்டில் யானை இல்லை, வெள்ளைச் சேறுதான் இருந்தது. ஒன்றுமே கேட்கவில்லை. விட்டார் ஓர் அறை. காது கொய்யென்றது.

பிறகு அவரே போய், தொழப்போகிறவர் போல முகம் கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“தப்பு பண்ணிட்டேம்மா. அத்தாவுக்கு மாப்பு குடுத்துடு.”

பெரியவர்கள் பிள்ளையிடம் மாப்பு கேட்டு நான் பார்த்ததில்லை. எதுக்கு என்று கேட்டேன்.

“அல்லாஹ் அவனுக்குச் சேர வேண்டிய ஹக்க மன்னிச்சுடுவான். உனக்குச் சேர வேண்டிய ஹக்க நீதாம்மா மன்னிக்கணும்.”

என்னிடம் ஏதோ பெரிய பொருள் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அதைச் சும்மா கொடுப்பேனா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் ரயில் பார்க்க வேண்டும் என்றேன். வேலை முடிந்து வந்த காலோடு சைக்கிளில் ஜங்ஷனுக்கு அழைத்துப் போனார். அடுத்து வளையல் கேட்டேன், வந்தது. ஒவ்வொரு நாளும் நோன்பு திறந்ததும், இப்பவாச்சும் குடுப்பியா என்று தணிந்த குரலில் கேட்பார். இன்னும் இல்லை என்பேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ரொம்பத்தான் பண்றடி. அல்லாஹ்வே உங்க அத்தாவ இவ்ளோ நாளு காக்க வெக்கமாட்டான்.”

கேட்பதற்கு வேறெதுவும் தோன்றாத ஒரு நாள், நானும் ஒரு அடி அடிக்க வேண்டும் என்றேன். அம்மா கரண்டியோடு பாய்ந்து வந்தார். அத்தா கையைக் காட்டி நிறுத்தினார்.

“வுடு. அது அவ ஹக்கு.”

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். என் உயரத்துக்குக் குனிந்து கன்னத்தைக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். நான் ஓங்கித்தான் அடித்தேன். தாடி முடி உள்ளங்கையில் குத்தியது.

“சரியாப் போச்சா?”

“ம்.”

“மாப்பா?”

“மாப்பு.”

தொப்பியைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்த் தொழ நின்றார். நெற்றி தரையில் பட ஸஜ்தாவுக்குப் போனவர் எழுந்திருக்கவே இல்லை. தோள் மட்டும் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் அடுப்படிக்கு ஓடி, அத்தா தொழுகையிலேயே தூங்கிட்டாரு, குறட்டை கூட வுடறாரு என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா எட்டிப் பார்த்தார். எழுப்பாதே என்று மட்டும் சொன்னார்.

படிப்பவர்கள் இதைப் பிள்ளை பெற்ற யாரிடமாவது சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவர் அறைந்ததை மறைத்து அவரை மகானாக, அவ்லியாவாக ஆக்கிவிட வேண்டாம். நான் செல்லமாகத் தட்டினேன் என்றும் மாற்ற வேண்டாம். அவர் தூங்குகிறார் என்று நான் நினைத்ததையும் அப்படியே சொல்லிவிடுங்கள்.