நிறை கூடும்வரை

ஆம்புலன்ஸ் ஓட்டுவதென்றால் பறப்பது என்று நினைக்கிறார்கள். பாதி வேலை, வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது. கண்டிப் பக்கம் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து இடுப்பு இற்றுப்போனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் பாக்கியசாலிகள். பக்கத்தைத் திருப்பலாம்.

ஏற்றி இறக்கியது

செல்வி தேயிலைத் தோட்டத்துப் பெண். அவளுக்கு மாதம் நிறையாமல் பிறந்த பையன். இதயத்தில் ஓட்டை. சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். பிள்ளையை அது கிடந்த சூட்டுப்பெட்டியோடு ஏற்றி, எஞ்சினையும் கிளப்பிவிட்டேன். டொக்டர் ஓடிவந்து இறக்கச் சொன்னார். கொழும்பிலிருந்து தொலைபேசி வந்ததாம். பிள்ளை மிகச் சிறிது, நிறை கூடட்டும், பிறகு பார்ப்போம் என்றார்களாம்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். செல்வியையும் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். "இந்த அளவில வெட்டினால் தாங்கமாட்டான் பிள்ளை. கொஞ்சம் வளரட்டும்" என்றார்.

செல்வி அழவில்லை. கேட்டாள்: "வளர்ற வரைக்கும் தாங்குவானா டொக்டர்?"

கன்னம் வைத்தது

அதன்பிறகு காலையில் தராசு போடும் நேரம்தான் வார்டுக்குப் பொழுது விடிவது. அடுத்த பெட்டியில் அலவத்துகொட ரஸீன் நானாவின் மகள். அவளுக்கும் இதே காத்திருப்பு. நானா மரக்கறிக் கடைக்காரர். நிறை என்றால் அவருக்கு உயிர்.

ஒருநாள் செல்வியின் பையன் ஒரேயடியாக நிறை ஏறியிருந்தான். முகம் உருண்டிருந்தது. "பாருங்க அண்ணே, கன்னம் வச்சிருச்சு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நானா வாசலில் நின்ற எல்லோருக்கும் பிளேன்டீயும் பனிசும் வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன்.

டொக்டர் வந்தார். பையனின் காலை விரலால் மெல்ல அழுத்தினார். குழி விழுந்தது. விரலை எடுத்தும் குழி போகவில்லை. இதயம் களைத்துப்போனால் உடம்பில் நீர் கோர்க்குமாம்.

"இது சதையில்லை பிள்ளை. தண்ணி."

ராகு காலம்

இனிக் காத்திருந்தால் இங்கேயே முடிந்துவிடும். டொக்டர் தொலைபேசியில் மன்றாடினார். கொழும்பில் சரி என்றார்கள். இப்போதே வா என்றார்கள். மறுபடி ஏற்றினோம். செல்வியின் புருஷன் மாரிமுத்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"ராகு காலங்க அண்ணே. கொஞ்சம் பொறுத்துப் போவோம்."

எனக்குப் பொறுமை கிடையாது. கையைத் தட்டிவிட இறங்கினேன். அதற்குள் உள்ளேயிருந்து செல்வி சொன்னாள்: "நேரம் பாத்துப் பொறந்திருந்தா இவன் ஏன்யா இங்க கெடக்கான்? கைய எடு. நீங்க வண்டிய எடுங்க அண்ணே."

கடுகண்ணாவை

பேராதனை தாண்டும்வரை சைரன் போட்டு ஓட்டினேன். கடுகண்ணாவை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பெட்டி ஆடியது. பையன் நீலம் பாரித்தான். கூட வந்த தாதி, "மெதுவா, மெதுவா" என்று கத்தினாள். பிந்தினாலும் போய்விடுவான், விரைந்தாலும் போய்விடுவான். கால் பிரேக்கிலேயே கிடந்தது. செல்வி பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் தொலைத்தான். வழி கிடைத்ததும் முந்திக்கொண்டு போகையில் கொண்டக்டர் தலையை நீட்டினான்.

"யோவ், ஆம்புலன்ஸா? மாட்டு வண்டியா?"

பையை எடுக்க வந்தவள்

உயிரோடுதான் கொண்டு சேர்த்தோம். நெஞ்சைத் திறந்து தைத்தார்கள். ஓர் இரவைத் தாண்டினான். அடுத்ததைத் தாண்டவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் விட்டுப்போன துணிப்பையையும் சுடுதண்ணிப் போத்தலையும் எடுக்கச் செல்வி வந்தாள். டொக்டர் படியிறங்கி வந்து என் வண்டியருகே அவளைப் பிடித்தார். அந்த மனிசனுக்கும் தூக்கமில்லை போல.

"முதல் நாளே அனுப்பியிருந்தால் மேசையிலேயே போயிருப்பான் பிள்ளை. இன்னும் வச்சிருந்தால் இங்கேயே போயிருப்பான்."

அவள் போத்தலைப் பைக்குள் வைத்து மூடினாள். "அப்ப எங்க புள்ளைக்குச் சரியான நேரம்னு ஒண்ணு இருந்துச்சா டொக்டர்?"

ரஸீன் நானாவின் மகள் அதே வார்டில் அதே மாதிரிக் காத்திருந்து, உண்மையான சதை வைத்து, என் வண்டியில்தான் போய்ப் பிழைத்து வந்தாள். ஆகவே, இத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் என்று என்னிடம் யாரும் சரியான நேரம் எதுவென்று கேட்க வேண்டாம்.