வாசலில் நின்ற ரிஜெக்ட் அக்கா

எங்கள் ஆலயத்தில் அவளைப் பிடித்தவர்கள் என்று யாரும் இருந்ததில்லை. எனக்கும் பிடிக்காது. அவள் தங்கமான மனுஷி, நாங்கள்தான் புரிந்துகொள்ளவில்லை என்று கடைசியில் சொல்லி முடிப்பேன் என்று எதிர்பார்த்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். அவள் தங்கமெல்லாம் இல்லை.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வையாளர். தைத்து வரும் சட்டையை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். ஒரு தையல் விலகியிருந்தாலும் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போடுவாள். இருபது வருடமாக இதே வேலை. அந்தப் பார்வையை வேலை முடிந்ததும் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. அவளோ அதை ஞாயிற்றுக்கிழமையும் கூடவே கொண்டுவருவாள். பிரசங்கம் முடிந்து வெளியே வரும் பாஸ்டரிடம், "நீங்க சொன்ன மூணு விஷயத்துல ரெண்டு ஒண்ணுதான் பாஸ்டர்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவள். ரிஜெக்ட் அக்கா என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. ஆனால் சின்னப் பிள்ளைகள்வரை அப்படித்தான் சொல்வார்கள்.

அவளுடைய கணவர் டிரைவர் அண்ணன். இவளுக்கு எப்படித்தான் அவர் வாய்த்தாரோ என்று எல்லாரும் பேசிக்கொள்வோம். பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். பாடகர் குழுவில் ஆண்களின் அடிக்குரல் என்றால் அவர்தான். மற்ற மூன்று பேரும் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாடுவார்கள். அவர் வாயைத் திறந்தால் பெஞ்சுப் பலகை அதிரும். ஐந்து வருடத்துக்கு முன் அவருடைய இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவியபோது, ரிஜெக்ட் அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அதையும் நாலு பேர் மெச்சுகிற மாதிரி கொடுத்தாளா என்றால் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன எங்களிடம், "பார்த்து நடந்துக்கச் சொல்லுங்க. ஸ்பேர் கிடையாது" என்றாள்.

அதற்கப்புறம் அவர் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை வேற்றாள் என்று தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வைத்திருக்கும். நமக்கு மூக்கு ஒழுகிப் போகிற ஜலதோஷம் அவரைப் படுக்கையில் போட்டுவிடும். இப்படி ஒரு மனிதர் வீட்டில் இருக்கும்போதுதான் ஊர் முழுக்கத் தொற்று வந்தது.

ஆலயம் நான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு கட்டுப்பாடுகளோடு திறக்கலாம் என்றார்கள். வாசலில் நின்று எல்லாரையும் பரிசோதிக்க ஓர் ஆள் வேண்டும் என்று பாஸ்டர் கமிட்டியில் கேட்டார். ஊர் வாயில் விழ யாருக்கு ஆசை? எல்லாரும் குனிந்து செல்போனைப் பார்த்தார்கள். ரிஜெக்ட் அக்கா கையைத் தூக்கினாள்.

"ஆலயத்துக்காக இவ்வளவு பாரம் சுமக்கிறீங்களே, சகோதரி" என்றார் பாஸ்டர்.

"ஆலயத்துக்காக இல்ல பாஸ்டர். இந்த மனுஷன் வீட்டுல இருங்கன்னா கேட்கமாட்டேங்கிறார், ஆலயத்துக்கு வந்தே தீருவேன்னு நிக்கிறார். என் கிட்னி இங்க வந்து உக்காரப்போகுது. அதுக்குக் காவல்."

அன்றிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனி. பெஞ்சுகளில் அவளே சிவப்பு டேப் ஒட்டினாள். ஒன்றுவிட்டு ஒரு பெஞ்சில், பெஞ்சுக்கு இரண்டு பேர். பன்னிரண்டு ஜன்னலும் திறந்தே இருக்க வேண்டும்; மழைச் சாரல் அடித்தாலும் சாத்தக்கூடாது. எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குடிக்கும் திருவிருந்து நின்றது. ஆளுக்கொரு மருந்துக் குப்பி மூடி அளவுக்குச் சின்னக் கிண்ணம் வந்தது. பாட்டு கூடாது. கீபோர்டு மட்டும் வாசிக்கலாம், சபை முகக்கவசத்துக்குள் முனகிக்கொள்ளலாம். அதையும் மெதுவாக.

வாசலில் வெப்பமானியை நீட்டிக்கொண்டு நிற்பாள். முன்னாடி நிற்பது சபைச் செயலாளரா, துப்புரவு செய்பவரா என்றெல்லாம் அவளுக்குக் கிடையாது. செயலாளரின் மனைவி முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தபோது, "தாடைக்கு நோய் வராது, மேல ஏத்துங்க" என்றாள். அந்த அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனவர் ஆறு வாரம் வரவில்லை. "அதனால ஒரு பெஞ்சு மிச்சம்" என்று இவள் கணக்குச் சொன்னாள்.

என் கதைக்கு வருகிறேன். ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாடகர் குழுவில் பெண்கள் வரிசையில் பாடுகிறேன். அந்த ஞாயிறு என் அம்மா இறந்து ஒரு வருடம். ஆராதனையில் அம்மா பெயரைச் சொல்லி ஜெபிப்பதாகப் பாஸ்டர் சொல்லியிருந்தார். வாசலில் வரிசையில் நின்றபோது தண்ணீர் குடித்தேன். புரையேறிவிட்டது. இருமினேன்.

"நீ வீட்டுக்குப் போ" என்றாள்.

"அக்கா, தண்ணி புரையேறிடுச்சு. காய்ச்சல் இருக்கான்னு பாத்துக்குங்க."

"பார்த்துட்டேன். காய்ச்சல் இல்ல. ஆனா இருமுற. போ."

"இன்னிக்கு எங்க அம்மாவுக்கு ஜெபம் இருக்குக்கா."

"உங்க அம்மா எங்கேயும் போகமாட்டாங்க. அடுத்த வாரம் ஜெபிக்கலாம்."

வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். நான் திரும்பிப் போக எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். அவள் சொன்னது சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். அந்த வாயை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அந்த வருடம் ஆலயத்துக்கு நூறாவது வருடம். ஆராதனையைப் படம் பிடித்து எல்லார் செல்போனுக்கும் அனுப்புவது என்று முடிவானது. வெறும் கீபோர்டு சத்தத்தோடு நூறு வருடத்தைக் கொண்டாடுவதா என்று பாடகர் குழுவை நடத்தும் குவயர் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோபம் வந்தால் காது சிவக்கும். எங்கள் ஏழு பேரைத் தனியாகக் கூப்பிட்டார். ரகசியமாகப் பாடிப் பழகுவோம், அன்றைக்கு எழுந்து நின்று பாடிவிடுவோம், படம் பிடிக்கும்போது அவள் நம்மை என்ன செய்துவிட முடியும் என்றார். ஏழு பேரில் டிரைவர் அண்ணனும் ஒருவர்.

"அண்ணே, உங்களுக்குச் சரிப்படுமா?" என்று ஒருவர் ஒப்புக்குக் கேட்டார்.

"ஒரு வருஷமா வாயைத் தச்சு வச்சிருக்கா. இதுக்குப் பேசாம செத்துத் தொலைக்கலாம்" என்றார் அண்ணன். அத்தோடு அந்தப் பேச்சை விட்டோம். அவர் இல்லாமல் பாட்டு எடுபடாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பீடத்துக்குப் பின்னால் பாஸ்டர் அங்கி மாற்றும் அறை இருக்கிறது. ஏழு பேர் நின்றால் தோள் இடிக்கும். அதற்கு இரண்டு ஜன்னல். அந்த ஜன்னலுக்கு நேர் பின்னால் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் ரிஜெக்ட் அக்காவின் சமையலறை. தொழிற்சாலையில் அப்போது அரை நாள் வேலைதான். மத்தியானம் அவள் வீட்டில்தான் இருப்பாள். டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்ததால், நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் சுற்றி வளைத்து இந்த அறைக்கு வருவார். முதல் நாள் அவர் வாயைத் திறந்ததுமே எங்களுக்குப் பகீரென்றது. அந்தக் குரல் சந்தைத் தாண்டி அவள் அடுப்புவரை போகும்.

"ஜன்னலைச் சாத்துங்க" என்றார் மாஸ்டர்.

நான்தான் பக்கத்தில் நின்றேன். சாத்தினேன். கொக்கி போட்டேன். திரையையும் இழுத்துவிட்டேன். ஆறு நாள் பழகினோம், ஆறு நாளும் சாத்தியது நான்தான். இடுக்கில் சத்தம் போகாதபடி பழைய அங்கி ஒன்றைச் சுருட்டி வைத்ததும் என் யோசனைதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு பாட வராது என்று எல்லாரும் கழற்றி வைத்திருந்தோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ நறுக்கிக்கொண்டிருப்பாள், இந்தப் பக்கம் அவள் புருஷனை வைத்துக்கொண்டு நாங்கள் அவள் தலையில் மிளகாய் அரைக்கிறோம். நல்லா வேணும் உனக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் கொக்கி போட்டேன்.

அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வீடு போவார். "நல்லா நடக்கிறாரு இப்பல்லாம்" என்று அவள் பாஸ்டரிடம் சந்தோஷப்பட்டாளாம்.

ஐந்தாம் நாள் மாஸ்டருக்குத் தொண்டை கரகரத்தது. ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து குடித்துக் குடித்துச் சொல்லிக்கொடுத்தார். ஏழாம் நாள் அவர் வரவில்லை; பாட்டும் அத்தோடு நின்றது. அடுத்த வாரத்துக்குள் எங்களில் நான்கு பேருக்குக் காய்ச்சல். எனக்கு மூன்று நாள் வாசனை தெரியவில்லை. ஒருவருக்கொருவர் போன் போட்டு, ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டோம். கடையைச் சாத்தி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று ஒரு தாள் ஒட்டினேன்.

டிரைவர் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருபத்தாறு நாள். நுரையீரலைக் காப்பாற்றுவதற்காக அந்த மாத்திரையைக் குறைக்க வேண்டியிருந்தது. குறைத்ததும் உடம்பு சிறுநீரகத்தைத் தள்ளிவிட்டது. ஆள் பிழைத்து வந்தார். சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஆயுசு முழுக்க.

அண்ணனைச் சேர்த்த அன்றே அவளுக்கும் பரிசோதனை செய்தார்கள். ஒரு தும்மல்கூட இல்லை, ஆனால் தொற்று இருந்தது. அவ்வளவுதான், சபைக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது. வாசலில் நின்று ஊரார் முகத்துக்கு முன்னாலெல்லாம் வெப்பமானியை நீட்டினவள்தானே வீட்டுக்குக் கொண்டு போனாள் என்றார்கள். "எல்லாரையும் ரிஜெக்ட் பண்ணினாங்க, கடைசியில பாருங்க" என்று செயலாளரின் மனைவி என் கடையிலேயே நின்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மாஸ்டர் தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அண்ணன் நடந்ததைச் சொல்லியிருப்பார், அவள் என்றைக்காவது என் வாசலில் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள் என்று தினமும் காத்திருந்தேன். அவள் வரவில்லை. ஆலயத்துக்கும் வரவில்லை.

நான்கு மாதம் கழித்துக் கடைக்கு வந்தாள். கையுறை போட்டிருந்தாள். ஒரு ஃபைலை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, எட்டடி பின்னால் போய் நின்றாள்.

"எல்லாத்துலயும் ரெண்டு காப்பி. வேற ஆஸ்பத்திரியில காட்டணும். தொட்டதும் கையைக் கழுவிக்க" என்றாள். வழக்கமான அதட்டல் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அது எனக்குப் பழக்கமில்லாத குரல்.

ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் கவிழ்த்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளன்று நிரப்பிய படிவம் வந்தது. நோயாளிக்குத் தொற்று யார் மூலம் வந்தது என்ற கேள்விக்கு எதிரே, அவளுடைய கட்டை எழுத்தில், "மனைவி மூலம்" என்று எழுதியிருந்தது.

அந்தத் தாளை என்னால் கவிழ்க்க முடியவில்லை.

"என்ன, மெஷின் மாட்டிக்கிச்சா?" என்றாள்.

"அக்கா, இது உங்களால வரல" என்றேன்.

சொல்லிவிட்டேன். மாஸ்டர், அறை, ஆறு நாள், வெந்நீர் எல்லாம் சொன்னேன். அண்ணன் நடக்கப் போனது எங்கே என்று சொன்னேன். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண் மட்டும்தான் தெரிந்தது. சட்டையைப் பார்க்கிற அதே கண். நான் நிறுத்தியதும் கேட்டாள்.

"ஜன்னல்?"

"சாத்தியிருந்தோம்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"யாரு சாத்தினது?"

"நான்தான். ஆறு நாளும்."

அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினாள். உள்ளே கை வெந்த மாதிரி இருந்தது. கிருமிநாசினி போட்டுக் கழுவிக் கழுவித் தோல் உரிந்து, முட்டிக்கு முட்டி வெடித்திருந்தது.

"உங்க அம்மா ஜெபத்தன்னிக்கு உன்னைத் திருப்பி அனுப்பினேன், அதுக்கு இது. சரி, நீ என் எதிரி. உன் கணக்கு எனக்குப் புரியுது" என்றாள். "நாலு மாசமா நான் அவர் பக்கத்துல உக்காந்ததில்ல. சாப்பாட்டைக் கதவுக்கு வெளியில வச்சிட்டு நகர்ந்துடுவேன். தினமும் காலையில மாத்திரையை வச்சிட்டு, வாசல்ல நின்னு, என்னை மன்னிச்சிடுங்கன்னு கேப்பேன்."

நான் பிடித்திருந்த படிவத்தை அவளே வந்து வாங்கி, ஃபைலில் வைத்து மூடினாள்.

"அவர் ஒரு நாளும் மாட்டேன்னு சொன்னதில்ல. இன்னிக்குக் காலையிலகூட, மன்னிச்சிட்டேன் போன்னு சொன்னார்."