ஆராத்தித் தட்டும் வெள்ளைக் குதிரையும்

எங்கள் அப்பாவின் முழங்காலுக்கு எலும்பு வைத்தியரிடம் டெர்மின், அதாவது பார்க்க ஒரு நேரம், கிடைக்க ஐந்து மாதம் காத்திருந்தோம். நான் சவாரி செய்யும் குதிரைக்கு முதுகு பிடித்துக்கொண்டால், அடுத்த செவ்வாய்க்கிழமையே ஆள் வந்து நீவிவிடுவார். பல்லுக்கு ஒருவர், குளம்புக்கு ஒருவர், மனச்சோர்வுக்கு ஒருவர். ஜெர்மனியில் ஹம் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் அந்த லாயத்தில் மழை தூறினால் பெரிய விவாதமே நடக்கும்: இன்றைக்குக் குதிரைக்கு மெல்லிய போர்வையா, தடித்த போர்வையா? நான் குளிரில் விறைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு என்ன போர்வை என்று ஒருவரும் கேட்டதில்லை.

குதிரை என்னுடையதல்ல. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அது என் பொறுப்பு. கழுவி, தேய்த்து, லத்தி அள்ளினால் ஏறலாம். ஜெர்மன்காரர் இந்தப் பங்கு ஏற்பாட்டுக்கு நீளமான ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரி ஓய்வு பெற்ற ஆசிரியை. நான்கு பக்கத்தில் விதிகள் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். தீனி கரட் மட்டும் என்பது அதில் ஒன்று. நான் ஒளித்து ஒளித்து வாழைப்பழத் துண்டும் கொடுப்பேன். இருபத்திரண்டு வயதுக் கிழட்டு வெள்ளைக் குதிரை, பழத்தைக் கண்டால் குட்டியாகிவிடும். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து அதன் முதுகில் ஏறினால், உனக்கு எப்போது கல்யாணம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். உலகத்தில் எனக்கு அப்படி இருந்த ஒரே இடம் அதுதான்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "குதிரைச் சாணி அள்ளவோ உன்னை இந்த நாட்டில வளர்த்தனாங்கள்?" என்பார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் ஜிம்முக்குப் போயிருப்பதாகச் சொல்லிவைப்பார்.

பிறகு அண்ணாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கனடாவில் பெரியம்மாவின் மகன் குதிரையில் வந்து இறங்கிய வீடியோ எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஒரே இரவில் சாணி மணம் போய், குதிரை ராஜ வாகனமாகிவிட்டது. "உன்ர குதிரையும் வெள்ளைதானே?" என்று அம்மா பாசத்தோடு கேட்டார். அது முதல்முறையாக என்னுடைய குதிரையானது அன்றைக்குத்தான்.

சொந்தக்காரி மூன்று நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். நான் மூன்று வருடத்தில் ஒரு விதியையும் மீறியதில்லை என்று அவர் நம்பியதுதான் காரணம். நிபந்தனைகள் இருந்தன. மேளம் இல்லை, வெடி இல்லை, தலைக்கு மேலே டிரோன் இல்லை, அண்ணா ஐந்து சவாரி வகுப்புக்கு வரவேண்டும், ஹெல்மெட் போடவேண்டும். "குதிரைக்கு ஏதாவது நடந்தால் உங்கள் பங்கு அன்றோடு முடிந்தது" என்றார். ஒன்றும் நடக்காது என்று கையில் அடித்துச் சொன்னேன்.

ஹெல்மெட்டா, தலைப்பாகையா என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை. கடைசியில் ஹெல்மெட்டுக்கு மேலேயே தலைப்பாகையைச் சுற்றினோம். கல்யாணக் காலையில் மண்டப வாசலுக்கு அண்ணா வந்த கோலத்தைப் பார்த்தால், குதிரையில் ஒரு பூசணிக்காயை ஏற்றி வைத்ததுபோல இருந்தது. ஆனாலும் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெருமையோடுதான் நடந்தேன். மேளக்காரர் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். டிரோன்காரப் பெடியனை அப்பா காருக்குள்ளே இருத்திவிட்டார். சொந்தக்காரி ஓரமாக நின்று நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தலையாட்டினார்.

அப்போதுதான் இரண்டு மாமிமார் ஆராத்தித் தட்டோடு முன்னால் வந்தார்கள். தட்டில் மூன்று வாழைப்பழத் துண்டு, அதன் மேலே எரிகிற திரி. மாப்பிள்ளை குதிரைக்கு மேலே இருக்கிறார். தட்டு எட்டுகிற உயரத்தில் இருப்பது குதிரையின் மூக்கு. இடமிருந்து வலமாக முதல் சுற்று. இரண்டாம் சுற்றில் குதிரை கழுத்தை நீட்டி ஒரு துண்டைத் திரியோடு வாயில் கவ்வியது.

மயிர் கருகும் மணம் வந்தது. குதிரை தலையை உதறிப் பின்னால் இரண்டடி வைத்தது. அண்ணா பக்கவாட்டில் வழுக்கி, பட்டு வேட்டியோடு தார் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, ஆராத்தியைத் தின்னுட்டுது!" என்று மாமி கத்தினார். அண்ணா விழுந்ததைப் பற்றி ஒருவரும் கத்தவில்லை. குதிரையோ அடுத்த துண்டு எங்கே என்று தேடியது.

அதற்கு வேறு காயம் இல்லை. வாயோரத்து நீள மயிர் ஒரு பக்கம் கருகியிருந்தது. குதிரை அந்த மயிரால்தான் பக்கத்தில் இருப்பதைத் தடவி அறியும். அதை வெட்டவே கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. கொளுத்தலாமா என்று தனியாக எழுதியிருக்க மாட்டார்கள். சொந்தக்காரி குதிரையை வண்டியில் ஏற்றினார். "வியாழக்கிழமை, நான்கு மணி" என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தத் தட்டைச் செய்தது வேறு யாருமில்லை, நான்தான். பெண்வீட்டார் பீலெஃபெல்டிலிருந்து வருவதால் ஆராத்தி எங்கள் பொறுப்பாகி, அன்று காலை நானே பழம் வெட்டி நானே திரி குத்தினேன். மேளத்தையும் டிரோனையும் பற்றி ஒரு மாதம் யோசித்தவளுக்கு இது மனதில் படவில்லை. எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிற தட்டு, அதை யார் கவனிக்கிறார்கள்?

லாயத்தில் சொந்தக்காரி எனக்குக் கோப்பி ஊற்றினார். கோபமாக இருப்பார் என்று போனேன்; அவரோ இரக்கத்தோடு இருந்தார். "நான் நன்றாக யோசித்தேன்" என்றார். "நீங்கள் பொறுப்பான ஆள். அந்த நெருப்புத் தட்டை உங்கள் குடும்பத்தார் உங்களுக்குச் சொல்லாமலே கொண்டுவந்திருக்கிறார்கள். அப்படித்தானே? உங்கள் கலாசாரத்தில் பெரியவர்களை எதிர்த்துப் பேச முடியாது என்று வாசித்திருக்கிறேன்."

நான் அம்மாவை ஒருநாளும் எதிர்த்துப் பேசாமல் விட்டதில்லை. யன்னலுக்கு அப்பால் குதிரை என்னைக் கண்டு காதை முன்னால் வைத்தது. ஒரு சொல் போதும், குதிரை எனக்கு மிஞ்சும்.

"ஆமாம்" என்றேன். "எனக்குத் தெரியாது."

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அன்று மாலையே லாயத்து வாட்ஸ்அப் குழுவில், நம் பெண்மேல் பிழை இல்லை, குடும்பத்தாருக்கு விலங்குகளைப் பற்றி அறிவு போதாது என்று எழுதினார். பதினாறு பேர் இதயம் போட்டார்கள். மனச்சோர்வு பார்க்கிறவரும் போட்டார். எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. ஆனாலும் மறுநாள் ஏறத்தான் போனேன்.

சொந்தக்காரி மன்னித்துவிட்டார் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். புறப்படும்போது அம்மா பெட்டி நிறைய மரக்கறி றோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். "நல்ல மனுசி. எங்கட ஆக்களை விளங்கிக்கொண்டிட்டா. இதைக் குடுத்து, அம்மா நன்றி சொன்னவ எண்டு சொல்லு" என்றார். எண்ணெய் ஊறாமல் அடியில் தாள் விரித்து, சூடு ஆறாமல் துணி சுற்றியிருந்தார்.

சொந்தக்காரி நின்றபடியே ஒன்றை எடுத்துக் கடித்தார். கண்கள் விரிந்தன. "எவ்வளவு நல்ல பண்பு" என்றார். "உங்கள் அம்மா மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருக்கிறார், இல்லையா?"

நான் அதற்கும் ஆமாம் என்றேன்.